500, 499, 487: எந்த எண்ணுக்கு ஆள் மசிவார்?

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே செட்டிநாட்டுப் பலகாரமும் கண்டாங்கிச் சேலையும் விற்கத் தொடங்கியிருக்கிறேன். செலவு, கூலி, லாபம் எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோ தேன்குழல் 487 ரூபாய் வருகிறது. 487 என்றே போடலாமா, 500 என்று ரவுண்டாகப் போடலாமா, இல்லை எல்லோரும் போடுகிற மாதிரி 499ஆ? இதற்கெல்லாம் ஆராய்ச்சியே இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்:

உண்மைதான், இருபது வருடங்களில் நிறையவே வந்திருக்கிறது. முதலில் உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பலகாரப் பொட்டலத்தில் 500 என்றே அச்சடியுங்கள். அரைக்கிலோ 250, கால்கிலோ 125. சேலைக்கும் ரவுண்டான விலைதான். 499 வேண்டாம். 487ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், கல்யாண ஆர்டர் பிடிக்கும்போது அதுதான் கைகொடுக்கும். காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமான பதில். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில் என்பதால் உதாரணங்கள் எல்லாம் நம் ஊரிலிருந்தே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். 499, 487 இரண்டையும் ‘ரவுண்டாக இல்லாத எண்கள்’ என்று ஒன்றாகக் கட்டிப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு வேறு. 499ஐப் பார்த்து யாரும் ‘கணக்குப் போட்டு இந்த விலைக்கு வந்திருக்கிறார்’ என்று நினைப்பதில்லை. 500ஐத்தான் ஒரு ரூபாய் குறைத்து எழுதியிருக்கிறார் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மொய்யில் 101, 501, 1001 எழுதுவதும் அந்த ரகம்தான். ஒரு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் அதில் துல்லியம் எதுவும் இல்லை, அது வழக்கம். மொய் நோட்டில் 487 என்று எழுதிப் பாருங்கள், சாப்பாட்டுப் பந்தியிலேயே பேச்சு கிளம்பிவிடும்.

ஆக எண்கள் மூன்று வகை. 500 என்றால் யாரோ முடிவு செய்த விலை. 499 என்றால் கடைக்காரர் ஒரு வித்தை காட்டுகிறார். 487 என்றால் இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வாங்குபவர் மனதில் ‘இந்த எண் எப்படி வந்தது?’ என்ற கேள்வி ஓடுகிறது; பல நேரம் அவருக்கே தெரியாமல் ஓடுகிறது. அதற்கு எண்ணின் தோற்றமே ஒரு பதிலைச் சொல்லிவிடுகிறது. ஆராய்ச்சிகள் பலவற்றையும் படித்த பிறகு எனக்குத் தங்கிய ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைக்கிறது.

499ஐச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நாம் எண்ணை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். முதலில் கண்ணில் படுகிற 4 மனதில் உட்கார்ந்துவிடுகிறது, பின்னால் வரும் 99 அதை முழுதாக நகர்த்துவதில்லை. மனோஜ் தாமஸ், விக்கி மார்விட்ஸ் இருவரும் 2005ல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இடது இலக்கம் மாறும்போதுதான் இந்த விளைவு வருகிறது. 500 எனும் இடத்தில் 499 போட்டால் வேலை செய்யும், 488 எனும் இடத்தில் 487 போட்டால் செய்யாது. எரிக் ஆண்டர்சனும் டங்கன் சிமெஸ்டரும் 2003ல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சுவையானது. அமெரிக்காவில் தபாலில் துணி விற்கும் ஒரு நிறுவனத்தின் விலைப் புத்தகத்தில் ஒரே உடுப்பை 34, 39, 44 டாலர் என்று மூன்று விலைகளில் வெவ்வேறு ஆட்களுக்கு அனுப்பினார்கள். அதிகம் விற்றது 39. விலை குறைவான 34 கூட அதனிடம் தோற்றது. 9ஐப் பார்த்ததும் ‘தள்ளுபடி’ என்று மனம் படித்துவிடுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

அப்படியானால் 499 போடலாமே என்பீர்கள். போடலாம், நீங்கள் விற்பது தள்ளுபடிச் சரக்காக இருந்தால். கண்டாங்கி 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய சேலை. தறியில் உட்கார்ந்து நெய்த பருத்திச் சேலையை 1,999 என்று எழுதினால், செருப்புக் கடை விலைச்சீட்டுதான் எனக்கு ஞாபகம் வருகிறது. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கியவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: அறை வாடகையில் 99 வைக்காதீர்கள். ஆயிரம் சன்னல் வீட்டைப் பார்க்க வருகிறவர் ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்க வரவில்லை.

இனி 487க்கு வருவோம். விஷயம் கனமாக இருப்பது இங்கேதான்.

மனோஜ் தாமஸ், டேனியல் சைமன், விருந்தா கடியாலி மூவரும் 2010ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வீட்டு விலை 3,95,000 டாலர் என்பதைவிட 3,95,425 டாலர் என்பது குறைவான விலைபோல் ஆட்களுக்குத் தோன்றியது. கூட 425 டாலர் இருந்தும்! அவர்கள் சொன்ன காரணம்: பெரிய தொகைகளை நாம் வழக்கமாக ஆயிரக்கணக்கில் ரவுண்டாகவே கேட்கிறோம்; கடைசி இலக்கம் வரை சொல்லப்படுபவை பெரும்பாலும் சின்னத் தொகைகள். அதனால் கடைசி இலக்கம் வரை எழுதிய எண்ணைக் கண்டால் ‘சின்னது’ என்ற உணர்வு ஒட்டிக்கொள்கிறது. தெற்கு ஃபுளோரிடா, லாங் ஐலண்ட் பகுதிகளில் உண்மையில் நடந்த வீட்டு விற்பனைகளிலும் இதே சாயலைப் பார்த்தார்கள்: துல்லியமாக விலை சொன்ன வீடுகள் கொஞ்சம் கூடுதலுக்குப் போயிருந்தன.

துல்லியமான எண்ணை உலகம் எவ்வளவு நம்பும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு, கொஞ்சம் விலகிப் போகிறேன். 1802ல் நம் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய அந்தப் பெரிய நில அளவை, 1850களில் இமயமலை வரை போயிருந்தது. எவரெஸ்டின் உயரம் கணக்குப் பார்த்தால் சரியாக 29,000 அடி வந்ததாம். அப்படியே வெளியிட்டால் குத்துமதிப்பு என்று நினைப்பார்கள் என்று 2 அடி கூட்டி 29,002 என்று அறிவித்தார்கள் என்பார்கள். 1856ல் அறிவித்த உயரம் 29,002 என்பது பதிவில் உள்ளது. கூட்டிய கதை உண்மையோ இல்லையோ, கேட்டவுடன் நம்பத் தோன்றுகிறதே, அதுதான் நமக்குத் தேவையான பாடம்.

சரி, இப்போது நகைக்கடைக்குள் போவோம். நம் ஊரில் துல்லியமும் ரவுண்டும் இவ்வளவு நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் இடம் வேறு கிடையாது.

ஒரு சங்கிலி எடுக்கிறீர்கள். தராசில் 8.120 கிராம். மில்லிகிராம் வரை காட்டுகிறது. கண்ணாடி மூடி வேறு, காற்று பட்டு எண் மாறிவிடக் கூடாதாம். கணக்குக்கு எளிதாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதாரம் 12 சதவீதம். பில்லில் தங்கமும் சேதாரமும் சேர்ந்து 90,944. ஜிஎஸ்டி 3 சதவீதம், 2,728 ரூபாய் 32 காசு. மொத்தம் 93,672 ரூபாய் 32 காசு. நீங்கள் பில்லைப் பார்த்து முகத்தைச் சுருக்குகிறீர்கள். கல்லாவில் இருப்பவர் பேனாவை எடுத்து, ‘சரி அண்ணாச்சி, தொண்ணூத்து மூணரையா குடுங்க’ என்று அந்த 172 ரூபாயைக் கோடிழுத்து அடிக்கிறார். உங்களுக்கு ஏதோ ஜெயித்த மாதிரி இருக்கிறது.

இந்தப் பில்லில் தராசு சொன்னது துல்லியம். வரி, அரசு சொன்ன விகிதத்தில் போட்ட துல்லியம். நடுவில் ஒரே ஓர் எண்தான் ரவுண்டு: 12 சதவீதம். அதை எந்தத் தராசும் சொல்லவில்லை; கடை முடிவு செய்தது. அதன் மதிப்பு 9,744 ரூபாய். பேரம் பேச இடம் இருந்ததே அங்கேதான். ஆனால் முன்னும் பின்னும் மூன்று தசமம், இரண்டு தசமம் என்று எண்கள் நிற்பதால், நடுவில் இருக்கும் 12ம் ஏதோ கணக்கில் விளைந்த எண்போலத் தோன்றிவிடுகிறது. 172 ரூபாயைக் குறைத்ததில் மனம் ஆறி, 9,744 ரூபாயைக் கேட்காமல் வருகிறோம். அடுத்த முறை ‘சேதாரம் பத்தாப் போடுங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வரியோடு சேர்த்து 1,672 ரூபாய் சொச்சம் மிச்சம்.

கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பில் முழுக்க நியாயமான பில். எண்கள் இருக்கிற வரிசையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது என்கிறேன்.

பேரத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். பழைய எனாமல் டிபன் கேரியர் ஒன்று. ‘ஆறாயிரம்’ என்று சொன்னால் வந்தவர் ‘நாலாயிரம்’ என்று தொடங்குவார். ‘5,650’ என்று சொன்னால் ‘5,400’ என்று தொடங்குவார். ஆயிரத்தில் சொன்ன விலைக்கு ஆயிரம் ஆயிரமாக இறங்குகிறார்கள், ஐம்பதில் சொன்ன விலைக்கு ஐம்பது நூறாக இறங்குகிறார்கள். கிறிஸ் ஜானிஸெவ்ஸ்கியும் டான் உய்யும் 2008ல் சொன்னது இதுதான்: முதலில் கேட்ட எண் எந்த அளவுக்கு நுணுக்கமோ, அதே நுணுக்கத்தில்தான் மனம் அதிலிருந்து நகர்கிறது. மாலியா மேசனும் அவர் கூட்டாளிகளும் 2013ல் இன்னொரு காரணத்தைச் சேர்த்தார்கள். துல்லியமாகக் கேட்பவருக்குச் சரக்கின் மதிப்பு நன்றாகத் தெரியும் என்று எதிராளி எடுத்துக்கொள்கிறார், அதனால் அடக்கி வாசிக்கிறார்.

அப்படியென்றால் அந்தத் தெருவில் ஏன் இன்னமும் ஆறாயிரம், பத்தாயிரம் என்றே சொல்கிறார்கள்? அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. ஈபே தளத்தில் பேரத்துக்கு வந்த லட்சக்கணக்கான பொருட்களை மேத்யூ பேக்கஸ், தாமஸ் பிளேக், ஸ்டீவன் டடெலிஸ் மூவரும் அலசி 2019ல் எழுதினார்கள். சரியாக நூறின் மடங்காக விலை போட்டவர்களிடம் வாங்குபவர்கள் குறைந்த விலைக்குத்தான் கேட்டார்கள். ஆனால் சீக்கிரம் வந்து கேட்டார்கள், பொருள் விற்றுப்போகும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. ரவுண்டு விலை என்பது ‘வாங்க, பேசி முடிச்சுக்கலாம்’ என்று வாசலில் நின்று கூப்பிடுவது. கிட்டங்கி வாடகை ஏறிக்கொண்டிருக்கும்போது நாலு பர்மாத் தேக்குத் தூணைத் தள்ளிவிட நினைப்பவர் ரவுண்டாகச் சொல்வதில் ஒரு தவறும் இல்லை. அவசரம் இல்லாதவர்தான் 5,650 சொல்லிக் காத்திருக்கலாம்.

துல்லியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் சரக்குத் தெரிந்தவர் சிரித்துவிடுவார். டேவிட் லோஷெல்டரும் கூட்டாளிகளும் 2016ல் இதைத்தான் காட்டினார்கள். சாதாரண ஆட்களிடம் எண் துல்லியமாக ஆக ஆக அதன் பிடி கூடிக்கொண்டே போனது. அந்தத் துறையில் பழுத்தவர்களிடம் ஓரளவு வரை கூடி, அதற்கு மேல் கவிழ்ந்துவிட்டது. ‘இவ்வளவு துல்லியமாக யாராலும் சொல்ல முடியாதே, இவருக்கு விஷயம் தெரியாது போல’ என்று அவர்கள் முடிவு கட்டினார்கள்.

நம் பக்கம் இது மிகவும் முக்கியம். ஒரு காலத்தில் பர்மா, மலேயா வரை லேவாதேவி நடத்திய ஊர்கள் இவை. பெட்டியடிப் பையனாகக் கடைக்குப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி வருவதற்குள் வட்டிக் கணக்கு விரல் நுனிக்கு வந்துவிடும். காணி என்றால் எண்பதில் ஒரு பங்கு, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு. அதையெல்லாம் மனக்கணக்காகவே போட்டவர்கள். இன்றைக்கு அந்த வாய்ப்பாட்டைப் பிள்ளைகள் படிப்பதில்லைதான், ஆனால் ‘இது எப்படி வந்துச்சு?’ என்று கேட்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. ஆத்தங்குடிக் கல் பதிக்கிறவர் 320 சதுர அடிக்கு ‘57,840’ என்று எழுதிக் கொடுத்தால், கல் எவ்வளவு, மணல் சிமெண்ட் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். சொல்லத் தெரிந்தால் அந்த எண் நிற்கும். தெரியாமல் விழித்தால், 60,000 என்று சொல்லியிருந்தால் இருந்திருக்கும் மரியாதைகூட மிஞ்சாது.

இனி ரவுண்டு எண்ணின் பக்கம். மோனிகா வாத்வாவும் குவாங்ஜீ ஜாங்கும் 2015ல் எழுதியது உலகம் முழுக்கப் பேசப்பட்டது. ஆசைக்கு வாங்கும் பொருளுக்கு ரவுண்டு விலை பொருந்தும், வேலைக்கு வாங்கும் பொருளுக்குத் துல்லியமான விலை பொருந்தும் என்பது அவர்கள் முடிவு. ஷாம்பெயின் பாட்டிலுக்கு 40.00 டாலர் என்று போட்டபோது ஆட்கள் மொய்த்தார்கள், கால்குலேட்டர் என்றால் சில்லறையோடு கூடிய விலைக்குத்தான் மவுசு. ரவுண்டு எண் எளிதாக மனதில் இறங்குகிறது, ‘பிடித்திருக்கிறது, வாங்கு’ என்கிறது; சில்லறை எண் ஒரு நொடி யோசிக்க வைக்கிறது என்று விளக்கினார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் 2018ல் ஜெர்மனியில் சில ஆய்வாளர்கள் அதே சோதனைகளை மறுபடி செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அதனால் ‘ஆசைப் பொருளுக்கு ரவுண்டு’ என்பதை விதியாகச் சொல்லிப் பயிற்சி வகுப்பு நடத்துபவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். நான் தேன்குழலுக்கு 500 போடச் சொன்னது அந்த ஆய்வை நம்பி அல்ல. வேறு காரணம்.

மக்கள் பணத்தையே ரவுண்டாகத்தான் நினைக்கிறார்கள். ‘கால்கிலோ முறுக்கு’ என்று கேட்பவர் அளவுக்கு ‘நூறு ரூபாய்க்கு முறுக்கு’ என்று கேட்பவரும் உண்டு. பெட்ரோல் பங்கில் ‘அஞ்சு லிட்டர்’ என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? ஐந்நூறுக்குப் போடுங்கள் என்பதுதான். அமெரிக்காவில் தாங்களே பெட்ரோல் நிரப்பிக்கொள்பவர்களின் கணக்கை மைக்கேல் லின் முதலானவர்கள் 2013ல் பார்த்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் சென்ட் எதுவும் வராமல் முழு டாலரில் நிறுத்தியிருந்தார்கள். நம் ஊரில் இதற்கு ஒரு கிளைக்கதை இருக்கிறது. ரவுண்டு தொகைக்கு இயந்திரத்தில் ஏதோ ‘செட்’ பண்ணி வைத்திருப்பார்கள் என்று சந்தேகப்பட்டு, 210க்குப் போடு, 510க்குப் போடு என்று கேட்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். லிட்டர் அளவு ஒன்றும் மாறப் போவதில்லை. ஆனால் பத்து ரூபாய் கூட்டிக் கேட்டதும் ‘நான் விவரமான ஆள்’ என்ற திருப்தி வந்துவிடுகிறது. 510ம் இப்போது வழக்கமான எண்ணாகிவிட்டது என்பது வேறு கதை.

ரவுண்டு விலையின் பலத்தைப் பெரிய நிறுவனங்கள் நம்மைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. 5 ரூபாய் பிஸ்கட், 1 ரூபாய் ஷாம்பூ, 10 ரூபாய் சிப்ஸ். மாவு விலை ஏறினால் பொட்டலத்தில் கிராம் குறையும், 5 மட்டும் அசையாது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட்டுக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமானது. கணக்குப்படி 5 ரூபாய் பொட்டலம் 4 ரூபாய் 45 காசு ஆக வேண்டும். ஆனால் 25 காசும் அதற்குக் கீழுள்ள காசுகளும் 2011லேயே செல்லாமல் போய்விட்டன. 45 காசை யார் கொடுப்பது, யார் வாங்குவது? கடைசியில் மிட்டாய்தான் சில்லறையாக வரும். விலையை 5லேயே வைத்து எடையைக் கூட்டுவதுதான் ஓடக்கூடிய வழி. ஜிபே வந்த பிறகு 4.45 அனுப்புவது ஒரு நொடி வேலை. அப்படியும் பெட்டிக்கடை அண்ணன் ‘அஞ்சு’ என்றுதான் சொல்கிறார், நாமும் ஐந்துதான் அனுப்புகிறோம். சில்லறை இல்லாதது மட்டும் காரணம் இல்லை போலிருக்கிறது.

ரவுண்டு எண் நம்மையே ஏமாற்றும் இடமும் உண்டு. பழைய வண்டி வாங்கும்போது கவனியுங்கள். நிக்கோலா லசெட்டேரா, டெவின் போப், ஜஸ்டின் சிட்னர் மூவரும் அமெரிக்காவில் 2 கோடிக்கு மேற்பட்ட பழைய கார் ஏலங்களைப் பார்த்து 2012ல் எழுதினார்கள். ஓடிய தூரம் 10,000 மைல் எல்லைகளைத் தாண்டும் இடத்திலெல்லாம் விலை படியிறங்கின மாதிரி சட்டென்று விழுகிறது. 39,900 மைல் ஓடிய வண்டிக்கும் 40,100 மைல் ஓடிய வண்டிக்கும் இஞ்சினில் என்ன வித்தியாசம் இருக்க முடியும்? 40,000 தாண்டிய ஸ்கூட்டரை வாங்குகிறவருக்கு லாபம், விற்கிறவருக்கு நஷ்டம். விற்பதென்றால் முள் அங்கே போவதற்கு முன்னாலேயே விற்றுவிடுங்கள்.

உங்கள் சேலை வியாபாரத்துக்குப் பணத்தைவிட முக்கியமான எண் இன்னொன்று, நாள் கணக்கு. ‘ஒரு மாதத்தில் வந்துவிடும்’ என்பதும் ‘30 நாளில் வந்துவிடும்’ என்பதும் காலண்டரில் ஒன்றுதான், கேட்பவர் காதில் ஒன்றல்ல. ஜாங், ஷ்வார்ஸ் என்ற இருவர் 2012ல் சொன்னார்கள்: எவ்வளவு சின்ன அலகில் சொல்கிறோமோ அவ்வளவு உறுதியாகச் சொல்கிறோம் என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார். தறிக்காரர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் நாலு நாள் தள்ளும், மழை வந்தால் சாயம் காயாது. அதனால் நெய்யச் சொல்லி வாங்கும் சேலைக்கு ‘மூன்று நான்கு வாரம்’ என்று சொல்லுங்கள். கையில் தயாராக இருக்கும் சேலைக்கு ‘5 நாள்’ என்று அடித்துச் சொல்லலாம்.

இப்போது அந்த 487. கல்யாணத்துக்குச் சீர்ப் பலகாரம் 40 கிலோ தேன்குழல் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இருபதாயிரம்’ என்றால் ‘பதினெட்டா வச்சுக்கங்க’ என்பார்கள், இரண்டாயிரம் அங்கேயே போச்சு. 487ஐ 40ஆல் பெருக்கி 19,480 என்று எழுதி, அதன் கீழே ஒரு கிலோவுக்கான கணக்கையும் எழுதிக் கொடுங்கள்: மாவு 96, எண்ணெய் 148, கூலி 120, எரிவாயு 38, பொட்டலம் 15, உங்களுக்கு 70. லாபத்தையும் எழுதுவதா என்று யோசிப்பீர்கள். எழுதுங்கள். நகைக்கடைச் சேதாரம்போல் அந்த 70ம் நீங்கள் முடிவு செய்த எண்தான். ஒளித்து வைத்தால் துருவுவார்கள், வெளியில் வைத்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இருபது வருடம் தானே மாவு இடித்துப் பிழிந்த ஆச்சி ஒருவர் சீட்டை வாங்கி, ‘ஏத்தா, எண்ணெய்க்கு நூத்தி நாப்பத்தெட்டா? கடலெண்ணெயா ஊத்துற?’ என்று கேட்பார். கேட்டால் நல்லது, பேச்சு எண்ணெயில் நிற்கும், மொத்தத் தொகைக்குப் போகாது. கடைசியில் 19,400 என்று முடித்துக்கொள்ளுங்கள். அந்த 80 ரூபாய் அவருக்கு. ஒன்று மட்டும், 486.75 என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். தேன்குழல் பிழிந்தவர்களுக்கு எண்ணெய் கைக்குக் கை மாறும் என்று தெரியும், காசு வரை கணக்கு வைத்திருக்கிறேன் என்றால் நம்ப மாட்டார்கள்.

சில்லறை விற்பனையில் 487க்கும் 500க்கும் இடையிலான 13 ரூபாய் உங்களுக்கு உறுத்தினால், கிலோவுக்கு இரண்டு முறுக்கு கூடுதலாகப் போட்டு மூடுங்கள், விலையைத் தொட வேண்டாம். கூரியர் கட்டணத்தை மட்டும் எப்போதும் ரவுண்டாக்காதீர்கள். 68 ரூபாய் ஆனால் 68 என்றே பில்லில் எழுதுங்கள், ரசீதைப் படம் பிடித்துக் கூடவே அனுப்புங்கள். அதை 100 என்று போட்டால், பலகாரத்துக்கு ஐந்நூறு கொடுக்க யோசிக்காதவரும் அந்த 32 ரூபாய்க்கு உங்களைக் கேள்வி கேட்பார்.